பத்தாண்டு வாக்குறுதி

நிரல் எழுதும் வேலைக்கு லினக்ஸின் எந்த வழங்கல் உகந்தது என்ற கேள்வி முப்பது ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. விடைகளுக்கும் குறைவில்லை. திரையின் தோற்றம், நிறுவுவதில் உள்ள எளிமை, புதிய மென்பொருள் எத்தனை விரைவில் வந்து சேர்கிறது என்பவற்றைச் சுற்றியே அவ்விடைகள் பெரும்பாலும் அமைகின்றன. இவற்றைப் பிடிக்கவில்லையென்றால் ஒரு நிரலாளர் ஒரே பிற்பகலில் மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றிக்கொள்ள இயலாத ஒன்றும் இந்தத் தேர்வுக்குள் இருக்கிறது. இன்று எழுதிச் சரிபார்த்த நிரல் ஐந்தாண்டு கழித்தும் இதே எண்ணைத் தருமா, தரும் என்று உறுதி சொல்பவர் யார், அவர் தம் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் நமக்கு என்ன வழி?

இக்கேள்வியை நேருக்கு நேர் சந்திக்க வேண்டியிருந்தவர்கள் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடங்களின் கணினித் துறையினர். ஜெனீவாவை ஒட்டிய செர்ன், சிகாகோவுக்கு அருகிலுள்ள ஃபெர்மிலாப் ஆகிய இரண்டும் 2004 முதல் 2022 வரை எடுத்த முடிவுகள் இவ்வகையில் படிக்கத்தக்க வரலாறு. அதற்கு முன் வழங்கல்கள் எப்படித் தோன்றின என்பதைச் சற்றுச் சொல்ல வேண்டும்.

ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கியது கெர்னல் எனப்படும் உட்கரு மட்டுமே. வன்பொருளோடு பேசுவதும் நினைவகத்தைப் பங்கிடுவதும் அதன் வேலை. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கடிதம்கூட எழுத முடியாது. கம்பைலர், கோப்புகளைக் கையாளும் சிறு கருவிகள், எல்லா நிரல்களும் பொதுவாகக் கடன்வாங்கிப் பயன்படுத்தும் நிரலகங்கள் ஆகியவற்றில் பெரும்பகுதி, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த க்னூ திட்டத்திலிருந்து வந்தது. மற்றவை உலகின் பல மூலைகளிலிருந்து வந்தன. இவற்றைத் திரட்டி, ஒன்றோடொன்று முரண்படாத வெளியீடுகளைத் தெரிந்தெடுத்து, வேண்டிய இடங்களில் திருத்தி, ஒரே கட்டாக அளிப்பதற்குத்தான் வழங்கல் என்று பெயர்.

நம் வாசகர்களுக்கு இதைப் பதிப்பாசிரியரின் பணியோடு ஒப்பிட்டுச் சொன்னால் எளிதில் விளங்கும். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது காவியத்தை அவர் இயற்றவில்லை. ஏடுகளைத் திரட்டினார், பாடபேதங்களை ஒப்பிட்டார், எதை மேலே வைப்பது, எதை அடிக்குறிப்புக்கு அனுப்புவது என்று தீர்மானித்தார். நாம் வாசிப்பது திருத்தக்கதேவரைத்தான். ஆனால் இன்னொருவரின் நூற்றுக்கணக்கான சிறு தீர்ப்புகளின் வழியாக வாசிக்கிறோம். லினக்ஸைப் பயன்படுத்தும் நிரலாளரின் நிலையும் இதுவே. கம்பைலரை எழுதியவர் வேறு. அதில் எந்த வெளியீட்டை, எத்தகைய திருத்தங்களுடன் அவர் கையில் கொடுப்பது என்று முடிவு செய்பவர் வேறு.

தொடக்கத்தில் இந்தப் பதிப்பு வேலை அலட்சியமாகவே நடந்தது. 1992இல் பீட்டர் மெக்டொனால்ட் வெளியிட்ட எஸ்.எல்.எஸ். என்ற வழங்கல் ஃப்ளாப்பி வட்டுகளில் பரவிப் புகழ்பெற்றது. அதன் பிழைகளும் உடன் பரவின. இன்று நாம் அறிந்த இரண்டு நெடிய மரபுகள் அந்தப் பிழைகளின் மீது எழுந்த எரிச்சலில்தான் பிறந்தன. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மூர்ஹெட் கல்லூரி மாணவராக இருந்த பாட்ரிக் வோல்கர்டிங்குக்கு ஒரு பாடத்திட்ட வேலைக்காக லிஸ்ப் மொழியில் நிரல் எழுத வேண்டியிருந்தது. இலவசமாகக் கிடைத்த லிஸ்ப் லினக்ஸில் ஓடியதால் எஸ்.எல்.எஸ்.ஸை இறக்கிக்கொண்டார். பிறகு அவருடைய செயற்கை நுண்ணறிவுப் பேராசிரியர் தம் வீட்டிலும் கல்லூரிக் கணினிகளிலும் அதை நிறுவிக் காட்டச் சொன்னார். ஒவ்வொரு முறையும் அதே பிழைகளைத் திருத்த நேர்ந்ததால் திருத்தங்களைத் தொகுத்து வைத்தார். 1993 ஜூலையில் அது ஸ்லாக்வேர் என்ற பெயரில் வெளிவந்தது. லிஸ்ப் வீட்டுப்பாடம் ஒன்று முப்பதாண்டுக்கு மேல் வாழும் இயங்குதளமாக வளர்ந்த கதை இது.

அடுத்த மாதமே, 1993 ஆகஸ்ட் 16 அன்று, பர்டியூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டாக் டெபியனை அறிவித்தார். காதலி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து வைத்த பெயர். வழங்கல் என்பது ஒருவர் பொழுதுபோக்காகச் செய்து பாதியில் விட்டுவிடக்கூடிய வேலை அல்ல, பலர் சேர்ந்து திறந்த முறையில் பேணவேண்டியது என்ற எண்ணத்தை அவர் ஓர் அறிக்கையாகவே எழுதினார். 1997 ஜூலையில் டெபியன் தன் பயனர்களுடன் ஒரு சமூக ஒப்பந்தத்தை வெளியிட்டது. மறு ஆண்டே ஓர் அரசியல் சாசனமும் வந்தது. ஒரு மென்பொருள் கட்டுக்கு அரசியல் சாசனம் எதற்கு என்று சிரித்தவர்கள் உண்டு. (வெளியீடுகளுக்கு 'டாய் ஸ்டோரி' திரைப்படத்தின் பொம்மைப் பெயர்களைச் சூட்டியவர்களும் இவர்களேதான். அன்றைய தலைவர் புரூஸ் பெரன்ஸ் பிக்ஸாரில் பணிபுரிந்தவர். எப்போதும் மாறிக்கொண்டேயிருக்கும் சோதனைப் பகுதிக்கு, பொம்மைகளை உடைக்கும் அண்டைவீட்டுச் சிறுவன் சிட்டின் பெயர்.)

பதிப்பாசிரியரின் கை நிரலாளரின் வேலையை எவ்வளவு தூரம் தொடும் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லலாம். முதலாவது 2000 செப்டம்பரில் வந்த ரெட் ஹேட் 7.0. அதில் ஜிசிசி கம்பைலரின் 2.96 என்ற வெளியீடு இருந்தது. வியப்பு என்னவென்றால், ஜிசிசி குழு அப்படி ஒன்றை வெளியிடவே இல்லை. வளர்ச்சியின் இடையில் இருந்த நிரலை எடுத்து, தானே பிழை திருத்தி, ரெட் ஹேட் தந்திருந்தது. அதில் உருவாக்கிய சி++ நிரல்கள் முந்தைய 2.95உடனும் ஒட்டாது, வரவிருந்த 3.0உடனும் ஒட்டாது என்று ஜிசிசியின் வழிகாட்டுக் குழு அக்டோபரில் அறிக்கை விட வேண்டியதாயிற்று. கெர்னலைக் கட்டுவதற்கென்று பழைய கம்பைலர் ஒன்றையும் அந்த வழங்கலிலேயே தனியே சேர்த்திருந்தார்கள். ரெட் ஹேட்டின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை, 2.95இன் சி++ ஆதரவு குறையுடையது, 3.0 எப்போது வரும் என்று தெரியவில்லை. ஆயினும் ஏட்டில் இல்லாத பாடம் ஒன்று அச்சில் வந்துவிட்டது போலத்தான் அது.

இரண்டாவது இன்னும் கடுமையானது. 2006இல் டெபியனில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நிரலகத்தைப் பேணியவர், பிழை தேடும் கருவி ஒன்று எச்சரித்ததால் இரண்டு வரிகளை நீக்கினார். மூல ஆசிரியர்களின் மடலாடற்குழுவில் முன்கூட்டியே கேட்கவும் செய்தார், யாரும் தடுக்கவில்லை. அவ்வரிகளுள் ஒன்றுதான் மறைச்சாவிகளை ஊகிக்க முடியாதபடி செய்யும் சீரற்ற எண்களுக்கு விதை தூவியது. அது போனபின் எஞ்சிய ஒரே வேறுபாடு நிரலின் செயல்முறை எண். அது 32,768க்குள் ஏதோ ஒன்று. கோடானுகோடி சாத்தியங்கள் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு மடிக்கணினி சிறிது நேரத்தில் எண்ணி முடிக்கக்கூடிய சாவிகளே இருந்தன. 2008 மே 13 அன்று, லூசியானோ பெல்லோ கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, டெபியன் இதை அறிவித்தது. ஏறத்தாழ இருபது மாதங்கள் டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் உருவான சாவிகளை உலகெங்கும் மாற்ற வேண்டியிருந்தது. வழங்கல் வேறாக இருந்திருந்தால் அதே நிரலாளரின் அதே சர்வர் பாதுகாப்பாக இருந்திருக்கும். லினக்ஸ் எல்லாம் ஒன்றுதான், எதை எடுத்தாலும் சரி என்று சொல்வோர் இந்த இருபது மாதங்களை மறந்துவிடுகிறார்கள்.

இனி ஆய்வுக்கூடங்களுக்கு வருவோம். துகள் மோதிகளில் நடக்கும் சோதனைகளுக்கு எழுதப்படும் நிரல்கள் லட்சக்கணக்கான வரிகள் கொண்டவை. எழுதுபவர்களில் பலர் முனைவர் பட்ட மாணவர்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் பட்டம் பெற்றுப் போய்விடுவார்கள், நிரல் தங்கிவிடும். ஒரு சோதனையின் திட்டமிடலிலிருந்து கடைசி ஆய்வுக்கட்டுரை வரை இருபது முப்பது ஆண்டுகள் ஓடும். இதற்கிடையில் கம்பைலரோ கணித நிரலகமோ மாறினால் கடைசித் தசம இலக்கங்கள் மாறக்கூடும். மாறிய இலக்கம் இயற்கையின் செய்தியா, நிரலகத்தின் செய்தியா என்று பிரித்தறிய எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். அது மாதக்கணக்கான உழைப்பு. போதாததற்கு, இந்த நிரல்கள் ஒரே இடத்தில் ஓடுவதில்லை. செர்னின் பெரிய ஹாட்ரான் மோதியின் தரவைப் பகுக்கும் உலகளாவிய கணினி வலையில் 40க்கும் மேற்பட்ட நாடுகளிலுள்ள சுமார் 170 மையங்கள் இணைந்துள்ளன. மும்பையின் டாட்டா ஆய்வு நிறுவனமும் கொல்கத்தாவின் மையமும் அவற்றில் அடங்கும். ஜெனீவாவில் கட்டிய நிரல் கொல்கத்தாவில் அப்படியே ஓட வேண்டுமானால் அங்கும் இங்கும் அடித்தளம் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆக, அவர்களுக்கு வேண்டியிருந்தது புதுமை அன்று. பல ஆண்டுகள் மாறாமல் நிற்கும், அதே வேளையில் பாதுகாப்பு ஓட்டைகள் மட்டும் உடனுக்குடன் அடைக்கப்படும் ஓர் அடித்தளம். 1990களின் இறுதியில் இரு கூடங்களும் ரெட் ஹேட் லினக்ஸைத் தழுவித் தங்களுக்கென்று வழங்கல்கள் செய்துகொண்டன. ரெட் ஹேட் இலவசமாகக் கிடைத்தது; எல்லோரும் அறிந்திருந்தார்கள். ஆனால் 2003இல் ரெட் ஹேட் தன் இலவச வழங்கலை முடித்துக்கொண்டது. அதன் கடைசி வெளியீடான ஒன்பதுக்கு 2004 ஏப்ரல் இறுதியோடு ஆதரவும் நின்றது. இனி இரண்டே வழிகள்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் ஃபெடோரா, அல்லது கணினிதோறும் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டிய என்டர்பிரைஸ் லினக்ஸ். ஆயிரக்கணக்கான கணினிகளை வைத்திருக்கும் ஆய்வுக்கூடத்துக்கு முதலாவது பயன்படாது, இரண்டாவது கட்டாது.

மூன்றாவதாக ஒரு வழியைத் திறந்துவிட்டது ஸ்டால்மனின் பொது உரிமம். மென்பொருளை விற்கலாம், ஆனால் பெற்றவருக்கு மூலநிரலைத் தர வேண்டும், அவர் அதை மறுவிநியோகம் செய்வதைத் தடுக்கக் கூடாது. ரெட் ஹேட் இந்தக் கடமைக்கும் மேலே போய், சந்தா கட்டியவர் கட்டாதவர் என்ற பேதமின்றி எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி மூலநிரல் பொதிகளை வெளியே வைத்திருந்தது. அவற்றை எடுத்து, ரெட் ஹேட்டின் பெயரையும் சின்னத்தையும் மட்டும் நீக்கி, மீண்டும் கட்டினால் அதே வழங்கல் கிடைத்துவிடும். முதலில் இதைச் செய்தவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் டிரிடர் என்ற சிற்றூரின் பொது நூலகத்தில் பணியாற்றியவர். நூலகக் கணினிகளுக்குச் சந்தா கட்ட வழியில்லாததால், நூலகத்தின் ஆதரவிலேயே ஒயிட் பாக்ஸ் என்ற மறுகட்டுமானம் உருவாயிற்று. புத்தகம் இரவல் கொடுக்கும் இடத்திலிருந்து இயங்குதளம் ஒன்றும் இரவல் போனது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

2004 மே மாதத்தில் ஃபெர்மிலாபும் செர்னும் சேர்ந்து இதே முறையில் சயின்டிஃபிக் லினக்ஸை வெளியிட்டன. அதே ஆண்டில்தான் தன்னார்வலர்களின் சென்ட்ஓஎஸ்ஸும் வந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகள் இந்த ஏற்பாடு வெற்றிகரமாக நடந்தது என்றே சொல்ல வேண்டும். 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் போசானைக் கண்டதாகச் செர்ன் அறிவித்தபோது, அதன் பின்னே இருந்த கணிப்புகளில் பெரும்பகுதி சயின்டிஃபிக் லினக்ஸ் கணினிகளில் நடந்தவை. அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் ரெட் ஹேட் தன் ஆதரவுக் காலத்தை ஏழாண்டிலிருந்து பத்தாண்டாக நீட்டியிருந்தது. மறுகட்டுமானம் செய்தவர்களுக்கும் அந்தப் பத்தாண்டு இலவசமாகக் கிடைத்தது.

டெபியனை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை என்ற கேள்வி இங்கே எழுவது இயல்பு. சாசனமும் ஒப்பந்தமும் உடைய வழங்கல். எந்த நிறுவனமும் அதை விலைக்கு வாங்க முடியாது. காரணம் காலம்தான். 2002 ஜூலையில் வந்த வெளியீட்டுக்கு அடுத்தது 2005 ஜூனில்தான் வந்தது. எப்போது வரும் என்று கேட்டால், தயாரானதும் வரும் என்பதே விடை. வந்தபின் ஆதரவு சுமார் மூன்றாண்டுகள். 2014இல் நீண்டகால ஆதரவுத் திட்டம் தொடங்கிய பிறகுதான் அது ஐந்தாண்டானது. பத்தாண்டு என்பது சம்பளம் வாங்கும் பொறியாளர்களால் மட்டுமே தரக்கூடிய வாக்குறுதி. பழைய நிரலில் ஓட்டை அடைப்பது தன்னார்வலர் எவரும் விரும்பிச் செய்யும் வேலை அன்று. டெபியன் சொன்னது நேர்மையான சொல். அது குறுகிய சொல். ரெட் ஹேட் சொன்னது நீண்ட சொல். அதை ஆய்வுக்கூடங்களிடம் அது ஒருபோதும் சொல்லவில்லை. சந்தாதாரரிடம் சொன்னதைச் சந்தா கட்டாதவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதில் இருந்த நடுக்கம் அவ்வப்போது தெரியவே செய்தது. 2009 ஜூலையில், சென்ட்ஓஎஸ்ஸின் இணையப் பெயரும் நிதியும் யார் வசம் இருந்தனவோ அந்த நிறுவனரைத் தொடர்புகொள்ளவே முடியவில்லை என்று மற்ற உறுப்பினர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். சில நாட்களில் அது தீர்ந்தது. லட்சக்கணக்கான சர்வர்கள் நம்பியிருந்த ஒன்று ஒரு மனிதர் தொலைபேசியை எடுப்பதில் தொங்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. ரெட் ஹேட்டின் ஆறாம் வெளியீடு 2010 நவம்பரில் வந்தது. ஆய்வுக்கூடங்களின் மறுகட்டுமானம் 2011 மார்ச்சிலேயே வந்துவிட, சென்ட்ஓஎஸ்ஸுக்கு ஜூலை ஆயிற்று. மாதச் சம்பளத்தில் ஆள் வைத்திருப்பதன் பலன் இதிலும் தெரிகிறது.

2014 ஜனவரியில் ரெட் ஹேட் சென்ட்ஓஎஸ்ஸைத் தன் அரவணைப்பில் எடுத்துக்கொண்டது; முக்கிய உறுப்பினர்கள் அதன் ஊழியரானார்கள். நடுக்கம் தீர்ந்தது என்றே எல்லோரும் கருதினர். செர்ன் ஏழாம் வெளியீட்டின்போது சென்ட்ஓஎஸ் பக்கம் நகர்ந்துவிட்டது. 2019 ஏப்ரலில் ஃபெர்மிலாபும் தன் முடிவை அறிவித்தது: எட்டாம் வெளியீட்டுக்குச் சயின்டிஃபிக் லினக்ஸ் கிடையாது, இனிச் சென்ட்ஓஎஸ் 8தான். ஒரே வேலையை இரண்டு குழுக்கள் இரண்டு இடங்களில் செய்வானேன் என்பது அதன் தருக்கம். அன்றைய நிலையில் அதைத் தவறென்று சொல்ல முடியாது.

அதே 2019 ஜூலையில் ஐபிஎம் நிறுவனம் சுமார் 3,400 கோடி டாலருக்கு ரெட் ஹேட்டை வாங்கி முடித்தது. செப்டம்பரில் சென்ட்ஓஎஸ் 8 வெளிவந்தது. 2029 மே வரை ஆதரவு என்று அறிவிக்கப்பட்டிருந்தது. பதினைந்து மாதங்கள் கழித்து, 2020 டிசம்பர் 8 அன்று, அந்தத் தேதி 2021 டிசம்பர் 31 என்று மாற்றப்பட்டது. இனி இருக்கப்போவது சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் மட்டுமே. அது ரெட் ஹேட்டின் வெளியீட்டுக்குப் பின்னால் வரும் நகல் அன்று; அதற்கு முன்னால் ஓடும் முன்னோட்டம். ஏழாம் வெளியீட்டுக்குத் தந்திருந்த 2024 என்ற தேதியை அவர்கள் தொடவில்லை. ஆகவே பழையதை விடாமல் வைத்திருந்தவர்களுக்கு மூன்றரை ஆண்டுகள் மிஞ்சின. சொல்லை நம்பி உடனே எட்டுக்கு மாறியவர்களுக்கு ஓராண்டு மட்டுமே. கடமை உணர்வோடு காலாகாலத்தில் புதுப்பித்தவர்தான் தண்டிக்கப்பட்டார் என்பது இதில் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ரெட் ஹேட் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. பொது உரிமம் கையிலிருக்கும் நகலுக்கு உரிமை தருகிறது. நாளை வரவேண்டிய திருத்தத்துக்கு அதில் ஒரு வரியும் இல்லை. 1980களில் ஸ்டால்மன் அஞ்சியது மூலநிரல் பூட்டப்படுவதைப் பற்றி. பூட்டப்படாத மூலநிரலைப் பேணும் உழைப்பு நின்றுபோவதைப் பற்றி எந்த உரிமமும் எழுத முடியாது போலும்.

பாதிக்கப்பட்டது ஆய்வுக்கூடங்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பைத்தான் மொழியில் நிரல் எழுதுபவர் நம்பை போன்ற நிரலகத்தை ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்கிறார். அவர் உபுண்டு வைத்திருந்தாலும் ஃபெடோரா வைத்திருந்தாலும் அது ஓடுகிறது. எப்படி? லினக்ஸின் அடிப்படைச் சி நிரலகம் பழைய நிரல்களைப் புதிய கணினியில் ஓடவிடும். புதியதில் கட்டியதைப் பழையதில் ஓடவிடாது. எனவே எங்கும் ஓட வேண்டிய ஒன்றை, புழக்கத்தில் உள்ளவற்றுள் மிகப் பழைய வழங்கலில் கட்ட வேண்டும். பைத்தான் சமூகம் 2016இல் இதற்கென்று ஒரு தரத்தை வகுத்தபோது தேர்ந்தெடுத்த அடித்தளம் சென்ட்ஓஎஸ் 5. அடுத்து வந்தவை 6, 7. சென்ட்ஓஎஸ்ஸின் பெயரையே கேட்டிராத பல்லாயிரம் நிரலாளர்களின் கணினியில் ஓடியது சென்ட்ஓஎஸ்ஸில் கட்டிய நிரல்தான். எட்டுக்கு வந்தபோது அந்த இடத்தில் ஆல்மாலினக்ஸ் அமர்ந்திருந்தது.

2013இல் டாக்கர் வந்தபோது இந்தச் சிக்கலெல்லாம் தீர்ந்தது என்றார்கள். நிரலையும் அதற்கு வேண்டிய நிரலகங்களையும் ஒரே கொள்கலனில் அடைத்துவிட்டால் கீழே எந்த லினக்ஸ் இருந்தால் என்ன? உண்மைதான். ஆனால் அந்தக் கொள்கலனுக்குள் இருப்பதும் ஒரு வழங்கல். கோப்பின் முதல் வரியிலேயே டெபியனா, உபுண்டுவா, ஆல்பைனா என்று எழுதியாக வேண்டும். தேர்வு ஒரு தளம் மேலே ஏறியது, மறையவில்லை. ஆல்பைனின் சிறிய அளவைக் கண்டு மயங்கி, அதன் சி நிரலகம் வேறானது என்பதைக் கவனியாமல் இறங்கியவர்கள், மற்ற வழங்கல்களுக்காகக் கட்டப்பட்ட நிரலகங்கள் அதில் ஓடாததைப் பிறகு கண்டுகொண்டார்கள்.

சென்ட்ஓஎஸ் அறிவிப்பு வந்த உடனேயே, அதன் தொடக்கக் காலத்தில் பங்கு வகித்த கிரெகரி குர்ட்ஸர் புதிய மறுகட்டுமானம் ஒன்றை அறிவித்தார். மறைந்துபோன தோழர் ராக்கி மெக்காவின் நினைவாக அதற்கு ராக்கி லினக்ஸ் என்று பெயரிட்டார். 2021 ஜூனில் அது வெளிவந்தது. அதற்கு முன்பே, மார்ச் மாதத்தில், கிளவுட்லினக்ஸ் நிறுவனத்தின் முயற்சியில் ஆல்மாலினக்ஸ் வந்துவிட்டது. அதன் பொறுப்பு இலாப நோக்கற்ற அறக்கட்டளை ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆய்வுக்கூடங்கள் அவசரப்படவில்லை. செர்ன் இடையில் ஸ்ட்ரீமையும் நடைமுறையில் கொண்டுவந்து பார்த்தது. ஐந்தாண்டே அதன் ஆயுள். அவ்வப்போது ஒத்திசைவுச் சிக்கல்களும் எழுந்தன. 2022 டிசம்பரில் இரு கூடங்களும் சேர்ந்து, சோதனைகளுக்கான பொது வழங்கல் ஆல்மாலினக்ஸ் என்று அறிவித்தன.

ஆறு மாதம் கடந்த சில நாட்களிலேயே, 2023 ஜூன் 21 அன்று, ரெட் ஹேட் தன் என்டர்பிரைஸ் வெளியீட்டின் மூலநிரல் பொதிகளைப் பொதுவில் வைப்பதை நிறுத்தியது. இனிப் பொதுவில் கிடைப்பது ஸ்ட்ரீமின் மூலநிரல் மட்டும்; மற்றது சந்தாதாரருக்கு. சாமிநாதையர் ஒப்புமையை நீட்டினால், பதிப்பாசிரியர் தம் கைப்பிரதியைக் காட்டாமல், திருத்தம் நடந்துகொண்டிருக்கும் படிகளை மட்டும் காட்டுகிறார் என்று சொல்லலாம். ராக்கி, ரெட் ஹேட்டை எழுத்துக்கு எழுத்து ஒத்திருப்பதை விடுவதில்லை என்று வேறு வழிகளில் மூலநிரலைப் பெறத் தொடங்கியது. ஆல்மா வேறு முடிவெடுத்தது. ஜூலை மாதத்தில், இனி எழுத்துக்கு எழுத்து நகலெடுப்பதில்லை, ரெட் ஹேட்டில் ஓடும் நிரல் இங்கும் ஓடும் என்பதை மட்டும் உறுதிசெய்வோம் என்று அறிவித்தது. பத்தொன்பது ஆண்டுகளாக நகலெடுப்போர் என்றே அறியப்பட்ட ஒரு மரபில் முதன்முறையாக ஒருவர் தாமே பதிப்பாசிரியராக இருக்க ஒப்புக்கொண்டார். பிழை இருந்தால் ரெட் ஹேட் திருத்தும்வரை காத்திராமல் தாங்களே திருத்தவும் அவர்களுக்கு இதனால் இடம் கிடைத்தது; 2.96ஐயும் ஓபன்எஸ்எஸ்எல்லையும் நினைவில் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கலக்கத்துடனும் கவனிப்பார்கள்.

ஆய்வுக்கூடங்கள் ஆல்மாவைக் கைவிடவில்லை. சென்ட்ஓஎஸ் 7உம் சயின்டிஃபிக் லினக்ஸ் 7உம் சொன்னபடியே 2024 ஜூன் 30 அன்று முடிவுற்றன. இப்போது பயன்பாட்டில் இருக்கும் ஆல்மாலினக்ஸ் 9க்கு 2032 மே வரை ஆதரவு உண்டு. மோதியின் மேம்படுத்தப்பட்ட வடிவம் தற்போதைய திட்டப்படி 2030இல் ஓடத் தொடங்கி, 2040களின் தொடக்கம் வரை தரவு தரப்போகிறது. அதற்கான நிரல்களை இன்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.